நாற்பதாவது ஆள்

அநீதிகளை வந்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் குடிநீர்க் கொள்கை தலைநகரிலிருந்து வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தது. அடுத்து வந்த போக்குவரத்துக் கொள்கை, பேருந்தில் என் ஜன்னலோர இடத்தை எடுத்துக்கொண்டது. மூன்றாவதாக முதியோர் நலக் கொள்கை வந்து என் கட்டிலில் படுத்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை.

விதி எளியது. கொள்கை உட்கார்ந்த இடம் முப்பதாம் நாள் நண்பகலில் அதற்கே சொந்தமாகிவிடும். தடுக்க வேண்டுமானால் அதற்குள் நாற்பது பேர் கைதாகிப் பட்டியலில் பெயர் வாசிக்கப்பட வேண்டும். குறைந்தால் போலீஸ் பிடிக்காது. கைதானவர்களை மாலை வரை வைத்திருக்கும் கல்யாண மண்டபத்தின் அண்டாவில், நாற்பது பேருக்குக் குறைவாகத் தக்காளி சாதம் கிளற முடியாது. மூன்று முறையும் எனக்கு முப்பத்தெட்டுக்கு மேல் ஆள் சேரவில்லை. துண்டறிக்கை படித்தே எழுத்துக் கற்றவன் நான். இந்த ஊரோ என் துண்டறிக்கையில் வடை எண்ணெயை ஒற்றியது.

இப்போது தேசிய வடதிசைக் கொள்கை வந்திருக்கிறது. மாணவர்கள் எல்லோரும் வடக்கே பார்த்து உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். எங்கள் ஊர்க் கல்லூரியில் கரும்பலகை தெற்கே இருக்கிறது. கொள்கை நேராக இரண்டாம் ஆண்டு வரலாற்று வகுப்புக்குப் போய் அஞ்சுகத்தின் இடத்தில் உட்கார்ந்தது. இருபத்தொன்பது நாள் அவள் நின்றுகொண்டே படித்தாள். இடம் போனால் வருகைப் பதிவேட்டில் பெயரும் போய்விடும். முப்பதாம் நாள் காலை என்னைத் தேடி வந்தாள்.

“அது மேல எனக்குக் கோவமில்ல தோழர். அதுக்கு நோட்ஸ்கூட நான்தான் குடுக்கிறேன். ஆனா அது என் இடம். எங்க வீட்ல காலேஜ் வந்த மொத ஆளு நான்.”

“ஆள் எத்தனை?”

“என்னையும் உங்களையும் சேத்து முப்பத்தொம்பது.”

போதாது என்று தெரிந்தும் போனேன். கல்லூரி வாசலில் ஏட்டு துரைப்பாண்டி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு எங்களை எண்ணினார்.

“வாங்க தலைவரே. இந்தத் தடவை ஒண்ணு கூடியிருக்கு. ஆனாலும் அண்டா ஒத்துக்காது.”

“நீயே ஏறு. நாப்பது ஆயிரும்.”

“நான் ஏறினா பட்டியல யாரு வாசிக்கிறது?”

அது நியாயம்தான். மணி பதினொன்றரை. அப்போது வகுப்பிலிருந்து கொள்கை வெளியே வந்தது. கழுத்தைத் தடவிக்கொண்டே அஞ்சுகத்தின் அருகில் நின்றது.

“ஒரு மாசமா செவுத்தையே பாத்துட்டிருக்கேன். நானும் ஏறட்டுமாக்கா?”

“ஏறு. பாத்து, படி ஒசரம்” என்றாள் அஞ்சுகம்.

வேன் கிளம்பியது. “திரும்பப் பெறு! திரும்பப் பெறு!” என்று நாங்கள் முழங்கினோம். “என்னைத் திரும்பப் பெறு!” என்று அது எங்களைவிடச் சத்தமாக முழங்கியது. நாற்பது வருடத்தில் என் கோஷத்தைத் தயங்காமல் சொன்ன முதல் ஆள் அதுதான். ஜன்னலோர இடத்தை அது எனக்கு விட்டுக்கொடுத்திருந்தது.

மண்டபத்தில் சமையல்காரரும் தவில்காரரும் சாட்சியாக நின்றார்கள். ஏட்டு பட்டியலை வாசித்தார். முதல் பெயர் அஞ்சுகம். முப்பத்தொன்பதாவது நான். அஞ்சுகம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

“நாப்பது. தேசிய வடதிசைக் கொள்கை. வயசு ஒரு மாசம். அப்பா பேரு நாடாளுமன்றம்.”

“உள்ளேன் ஐயா” என்றது அது, இலைக்கு முன்னால் தெற்கே பார்த்து உட்கார்ந்தபடி.