புயலுக்கு மறுநாள் நிக்காஹ்

புயல் வருகிறது என்று ரேடியோவில் படித்தவனை அன்று சைபுன்னிசா நேரில் மட்டும் பார்த்திருந்தால், அந்தப் புயலே அவன் மேல் இரக்கப்பட்டு வேறு ஊர் பார்த்துப் போயிருக்கும். அவள் மலைபோல் குவிந்த வெங்காயத்துக்கு நடுவே உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். விடிந்தால் மகள் ஃபர்சானாவுக்கு நிக்காஹ். ரேடியோக்காரன் தாழ்வு மண்டலம், தீவிரம், கரையைக் கடக்கும் என்று இழவு வீட்டுக் குரலில் சொல்லிக்கொண்டே போனான்.

“கடக்கட்டும். யாரு வேணான்னது? கடந்துட்டு ஓரமாப் போவச் சொல்லு” என்று சொல்லி ரேடியோவின் காதைத் திருகினாள்.

அவள் புருஷன் ஷஃபி மரக்காணம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தார். குக்கர் விசில் அடித்தாலே “அஸ்தக்ஃபிருல்லா” என்று எழுந்து நிற்கிற மனுஷர். அவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து தரையில் ஒரு வாய்க்கால் உண்டாகியிருந்தது.

“சைபு, தேதியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுட்டா...”

“எங்க தள்ளுவீங்க? கடல்லயா?”

தள்ள இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். பெரிய முதலியார்சாவடி மாப்பிள்ளை நிஷாத், குவைத்தில் வேலை. லீவு தீர்ந்துவிட்டது. நாளை ராத்திரி மெட்ராஸில் பம்பாய் ரயிலைப் பிடித்து, அங்கிருந்து பறக்க வேண்டும். பிடிக்காவிட்டால் விசாவும் போச்சு, வேலையும் போச்சு. நிக்காஹ் இல்லாமல் போய்விட்டாலோ திரும்பி வர இரண்டு வருஷம். அதைக்கூட சைபுன்னிசா பொறுத்துக்கொள்வாள். ஆனால் அன்று காலையில்தான் மாப்பிள்ளையின் தாயார் ஆள் மூலம் ஒரு வார்த்தை அனுப்பியிருந்தார். இந்தத் தேதி தவறினால் அல்லாவுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு அவரவர் வழியைப் பார்ப்போம் என்று. பொண்ணு பேசிய நேரம் புயலைக் கொண்டுவந்துவிட்டது என்று அந்தம்மா பக்கத்து வீட்டில் புலம்பியதும் ஒட்டுச் செய்தியாக வந்து சேர்ந்தது. வெங்காயத்துக்குக் கலங்காத சைபுன்னிசாவின் கண் அப்போதுதான் கலங்கியது. கோபத்தில்தான்.

நடக்கும். நாளைக்கே நடக்கும். வானம் இடிந்து பந்தலில் விழுந்தாலும் அதன் மேல் ஜமக்காளம் விரித்து நடக்கும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

கொல்லையில் சமையலுக்காகத் தகரக் கூரை போட்டிருந்தார்கள். காற்றுக்கு அது பறந்துவிடாமல் இருக்க மேலே கனமாக எதையாவது ஏற்ற வேண்டும். மணல் மூட்டை என்றார் ஷஃபி. மணலுக்குக் கடற்கரை வரைக்கும் வண்டி கட்ட வேண்டும். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுப் பலராமன் வேலிக்கு மேல் தலையை நீட்டினார். உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர். வேலி தாண்டினால் அவருடைய பாத்திகள்தான். அன்று காலையிலிருந்து தன் உப்பு அம்பாரத்தை மழைக்குப் பயந்து பனையோலையால் மூடி மூடி இடுப்பு ஒடிந்து வந்திருந்தார்.

“மண்ணுக்கு எதுக்கு பாய் அலையறீங்க? நம்மகிட்ட உப்பு மூட்டை இருக்குது. ஒண்ணொண்ணும் யானைக்கால் கனம். ஏத்துங்க மேல!”

எல்லாரும் ஆகா என்றார்கள். ஏற்றினார்கள். ஏழு தலைமுறையாக உப்பு வாரிப் பிழைத்த ஊர், மழைத்தூறல் விழுந்தால் பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு உப்பை மூட ஓடுகிற ஊர். அந்த ஊரில் அன்று ஒருவருக்காவது, ஒரே ஒருவருக்காவது, மழையில் உப்பு கரையுமே என்று தோன்றவில்லை. இது தவிர, கூரையிலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் சமையலுக்கு ஆகட்டும் என்று கூரை ஓரம் முழுக்க டிரம்களை வரிசையாக வைக்கச் சொன்னது சைபுன்னிசா. தன் மூளையை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

மத்தியானத் தொழுகைக்குப் பிறகு புயல் வந்தது. அதற்கு வெகுநேரம் முன்பே கரண்ட் போய்விட்டது. மரக்காணத்துக் கரண்டுக்குக் காற்றின் மேல் அப்படியொரு மரியாதை. காற்று திண்டிவனத்தில் கிளம்பினாலே இங்கே எழுந்து வழிவிட்டுவிடும். மாப்பிள்ளை குவைத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தனுப்பிய எமர்ஜென்சி லைட்டை ஷஃபி பெருமையாக எடுத்து வைத்தார். அது ஒரு மின்மினி அளவுக்கு மினுங்கிவிட்டு மௌத்தானது. கரண்ட் போனால் எரிகிற விளக்குக்குக் கரண்ட் இருக்கும்போதே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்ற பாடத்தை வீடு அன்று படித்தது.

காற்றென்றால் அப்படியொரு காற்று. தென்னைமரங்கள் தரையில் நெற்றி பட வரிசையாக ஸஜ்தா செய்தன. எக்கியார்குப்பத்துக் கட்டுமரம் ஒன்று யாரும் தள்ளாமலே கடைத்தெருவுக்கு வந்து, மளிகைக் கடை வாசலில் சாமான் வாங்க வந்ததுபோல் நின்றது. ஷஃபியின் கடைப்பலகை பறந்து பெருமுக்கல் மலைமேல் போய் நட்டுக்கொண்டதாகவும், அங்கே புதுக்கடை திறந்திருக்கிறது என்று நாலு பேர் புளி வாங்க மலை ஏறியதாகவும் பின்னால் சொன்னார்கள். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி உண்மை.

வீட்டுக் கதவுக்கு பீரோவை முட்டுக்கொடுத்து மூவரும் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். கொல்லையில் தகரம் நடுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு தகரங்கள் ஒவ்வொன்றாக எழும்புகிற சத்தம். சைபுன்னிசா ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். கூரைமேல் ஏற்றிய மூட்டைகள் தொளதொளவென்று, கிழவன் துவைத்துப் போட்ட பனியன் மாதிரி கிடந்தன. உள்ளே உப்பில்லை. கடைசித் தகரமும் டிக்கெட் இல்லாமலே வானத்துக்குப் போயிற்று.

மறுநாள் காலை வானம் ஒன்றுமே நடக்காத மாதிரி வெளுத்திருந்தது. காற்று மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருந்தது. சைபுன்னிசா நிரம்பி வழிந்த டிரம்மில் ஒரு சொம்பு மொண்டு வாயில் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் துப்பினாள். அடுத்த டிரம். அதற்கடுத்தது. மூட்டை உப்பெல்லாம் கரைந்து வரிசையாக அவற்றில்தான் இறங்கியிருந்தது. கடல் புகுந்த கிணறும் அதே ருசி. டேங்குக்குத் தண்ணீர் ஏற்றக் கரண்ட் வேண்டும்.

“தள்ளித்தான் போட்டிருக்கணும்” என்றார் ஷஃபி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு.

“ஏங்க, கீழ பாருங்க” என்றாள் அவள்.

கீழே தேங்காய். இளநீர். ஊரிலுள்ள தென்னையெல்லாம் மொய் எழுத வந்தது மாதிரி கொட்டிவிட்டுப் போயிருந்தன. குடிக்க இளநீர், உலைக்குத் தேங்காய்ப்பால். பிரியாணி போனால் போகட்டும், தேங்காய்ச் சோறு. உப்பைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், அது தாராளமாகவே இருக்கிறது. ஆனால் அடுப்பு பற்ற வேண்டுமே? விறகெல்லாம் தண்ணீரில் மிதந்தது. வீட்டுத் தீப்பெட்டிகள் களியாகிவிட்டன. பலராமன் தன் பட்டாபட்டி டிராயருக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்தார். நெஞ்சுவரை நனைந்தாலும் நனையாத ஒரே இடம் என்று விளக்கம் வேறு. ஃபர்சானா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

காய்ந்த கட்டைக்கு சைபுன்னிசா வீட்டுக்குள் போனாள். நடு அறையில் மாப்பிள்ளைக்கென்று புதிதாகச் செய்த மாமரக் கட்டில் பளபளத்துக்கொண்டிருந்தது.

“வேணாம் சைபு. அது மாப்ளை கட்டிலு” என்று ஷஃபி குறுக்கே நின்றார்.

“மாப்ளை மத்தியானமே ஊருக்குக் கெளம்புறாரு. கட்டிலு தனியா என்னா பண்ணும்? ஒடைங்க!”

கட்டில் எரிந்து உலை கொதிக்கும் வேளையில், உப்பளம் பார்க்கப் போன பலராமன் தொபுக் தொபுக்கென்று தண்ணீரை மிதித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“பாயம்மா! மாப்ளை வந்துட்டாரு! ஆனா வரல!”

மாப்பிள்ளை வீட்டார் வாடகை பஸ் பிடித்துக் கிளம்பிவிட்டார்கள். தெற்கு ரோட்டில் மதகுப் பாலம் வரைக்கும் வந்தும்விட்டார்கள். மதகுதான் இல்லை. கழுவெளி ஏரித் தண்ணீர் அடித்து உடைத்துக்கொண்டு போயிருந்தது. மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக அந்தக் கரையில் நிற்கிறார். ஊரிலிருந்து மதகுவரைக்கும் ரோடு எது, உப்பளம் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். டிரைவர் சீக்கிரம் திரும்பணும், இல்லாவிட்டால் ரயில் போச்சு என்று ஹாரன் அடிக்கிறான்.

“உங்க உப்பு என்னாச்சுப்பா?” என்று சைபுன்னிசா கேட்டாள்.

“மூடி வச்சதும் போச்சு, உங்க கூரை மேல ஏத்துனதும் போச்சு. இனிமே கரையறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல பாயம்மா. தண்ணில எறங்க எனக்கென்னா பயம்? கெளம்புங்க!”

பள்ளிவாசல் அசரத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் கைலியை மடித்துக்கட்டிக்கொண்டே வந்தார். பொண்ணு வரத் தேவையில்லை, வீட்டிலேயே சம்மதம் கேட்டுக்கொண்டு அத்தாவும் சாட்சிகளும் போனால் போதும் என்றார். அது வழக்கம்தான். சைபுன்னிசாவுக்கும் அதுதான் சரியாகப் பட்டது. ஃபர்சானாதான் ஜரிகைப் புடவையோடு வாசலில் வந்து நின்றாள்.

“நானும் வர்றேன்.”

“தண்ணி நெஞ்சு மட்டும் ஓடுதுடி!”

“ஓடட்டும்மா. ரெண்டு வருஷம் நான் குடும்பம் நடத்தப்போறது கூலிங் கிளாஸ் போட்ட ஒரு போட்டோகூட. கண்ணு எப்டி இருக்குதுன்னாவது நேர்ல பாத்துட்டு வர்றேன்.”

சைபுன்னிசாவுக்கு வாயடைத்தது. இருபது வருஷத்தில் அவளை வாயடைக்க வைத்த முதல் ஆள், அவள் பெற்ற மகள். இவள் யாரைக் கொண்டு பிறந்தாள் என்று யோசித்தாள். யோசிக்க அவசியமில்லை என்பதும் உடனே தெரிந்தது.

வாடகைக்கு எடுத்த தேக்சா இரண்டு. ஒன்றில் சோறு வெந்துகொண்டிருந்தது. மற்றது சும்மா கிடந்தது. செம்புத் தேக்சா, யானைக்குட்டியை உட்காரவைத்துக் குளிப்பாட்டலாம். பலராமன் அதை உருட்டிப்போய் வெள்ளத்தில் தள்ளினார். மிதந்தது. உள்ளே மணையைப் போட்டு ஃபர்சானாவை ஏற்றினார்கள். வளையத்தில் கயிறு கட்டி மறுமுனையை சைபுன்னிசா கையில் சுற்றிக்கொண்டாள். ஃபர்சானா தடுமாறாமல் இருக்க ஒரு நீளக் கரண்டியை ஊன்றிக்கொண்டாள். அசரத் நிக்காஹ் புத்தகத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றித் தலையில் வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மைக்செட் போட வந்தவன் கரண்ட் இல்லாமல் விழித்துக்கொண்டு நின்றான். அவனுடைய புனல் ஸ்பீக்கரைக் கழற்றி ஷஃபியின் தோளில் மாட்டினாள் சைபுன்னிசா. எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டுப் பிரயோஜனமில்லை.

அப்படி ஒரு கல்யாண ஊர்வலத்தை அந்த உப்பளம் கண்டதில்லை. முன்னால் பலராமன். “இங்க ஒவ்வொரு வரப்பும் எனக்குக் கண்ண மூடுனாக்கூடத் தெரியும்” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் வாய்க்காலில் விழுந்து காணாமல் போனார். துண்டு மட்டும் மேலே வந்தது. பிறகு அவர் வந்தார், வாயில் ஒரு குட்டை நீரோடு. “இது நேத்து இல்ல” என்றார். அதன் பிறகு எல்லாருக்கும் முன்னால் ஒரு மூங்கில் கழியைத்தான் அனுப்பினார்.

மதகு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு கடலுக்கு ஓடியது. அந்தக் கரையில் பஸ். பஸ்ஸுக்கு முன்னால் சொந்தக்காரர்கள். நடுவில் மாப்பிள்ளை, கோட்டும் சூட்டும் முகத்தில் பூச்சரமுமாக. அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி அவருடைய தாயார். தேக்சாவில் மணப்பெண் வருவதைப் பார்த்ததும் அந்தப் பக்கம் எல்லா வாயும் திறந்தன.

அசரத் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் பார்த்தார். தாடியைத் தடவினார்.

“பாக்கவும் முடியுது, கேக்கவும் முடியுது. இது ஒரே மஜ்லிஸுதான், ஒரே சபைதான். நடத்தலாம்.”

அவர் நிக்காஹ் உரையாகக் குத்பா ஓதியதைக் காற்று எடுத்துப்போயிற்று. அடுத்து பெண்ணைக் கொடுக்கும் வார்த்தையை அத்தா சொல்ல வேண்டும். ஷஃபி புனலின் சிறிய வாயில் உதட்டை வைத்தார். முதலில் காற்றுதான் வந்தது. சைபுன்னிசா பக்கத்தில் நின்றுகொண்டு, அவர் முதுகில் தட்டப்போன கையை நிறுத்திக்கொண்டாள். பிறகு அவருக்குள்ளிருந்து ஒரு குரல் புறப்பட்டது. கடைக்கு வந்த கடன்காரனைக்கூட அதட்டாத ஷஃபியின் குரல் அது என்று நம்ப முடியாது. கழுவெளிக் கொக்கெல்லாம் எழும்பின. “என் மகள் ஃபர்சானாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்!”

அந்தக் கரையில் பூச்சரம் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கல மாப்ளே!” என்று பலராமன் கத்தினார். “உப்பு போட்டுத்தான தின்றீங்க, சத்தமா சொல்லுங்க!”

நிஷாத் தாயாரின் கையிலிருந்து தன் கையை உருவினார். பூச்சரத்தைத் தூக்கித் தலைக்குப் பின்னால் எறிந்தார். இரண்டு கையையும் வாய்க்குக் குவித்தார்.

“கபூல்! கபூல் செஞ்சேன்!”

சாட்சிகள் தலையாட்டினார்கள். அசரத் கையேந்தினார். யாரோ இந்தக் கரையிலிருந்து கற்கண்டை வீச, பாதி தண்ணீருக்குப் போயிற்று. முடிந்தது. இனி எந்தத் தாயாரும் எந்த வார்த்தையும் சொல்லி அனுப்ப முடியாது. புயலையே கழுத்தைப் பிடித்துத் தள்ளி வந்த சந்தோஷத்தில் சைபுன்னிசா ஷஃபியைப் பார்த்தாள். அவர் புனலைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பஸ் ஹாரன் நீளமாக அடித்தது. “டேய் நிஷாத், ரயிலு!” என்று எவரோ கத்தினார். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். நிஷாத் ஏறவில்லை. ஃபர்சானா தேக்சாவில் எழுந்து நின்று முக்காட்டைக் காற்றுக்கு விட்டிருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரோட்டின் உடைந்த விளிம்பில் உட்கார்ந்து, ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். ஒன்று. பிறகு மற்றது. சாக்ஸை உருவி உள்ளே திணித்து இரண்டையும் அழகாக ஜோடி சேர்த்துத் தாயாரின் கையில் கொடுத்தார்.

ஹாரன் மறுபடி அடித்தது. சுழல் தண்ணீர் குறையவில்லை. தேக்சாவுக்குள்ளிருந்து கரண்டி நீண்டு தரையைத் தள்ளியது. சைபுன்னிசாவின் கையில் கயிறு இறுகியது.

“பிடிங்க பாயம்மா, பிடிங்க!” என்றார் பலராமன்.

சைபுன்னிசா ஒரு முழம் கயிறு விட்டாள்.