நிற்காமல் ஓடிய ஏசி

அடுத்தவர் வீட்டு ஏசி என்றால் மெக்கானிக் அடித்துப் பிடித்து ஓடுவான். சொந்த வீட்டு ஏசிதான் ஒரு வாரமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஓடும், டக்கென்று நிற்கும், மறுபடி ஓடும். நின்றபோதெல்லாம் கைக்குழந்தை முழித்து வீட்டை ரெண்டாக்கியது.

"ஊரையெல்லாம் குளிர வைக்கிறீங்க. பெத்த பொண்ணுக்கு வேர்த்துக் கொட்டுது," என்றாள் மனைவி. அவனுக்குச் சுருக்கென்றது.

காலையில் ஸ்டூல் போட்டு ஏறினான். ஏசியின் வெளிப்பெட்டியை வாசல் கதவுக்கு மேலேதான் மாட்டியிருந்தான், வேறு இடமில்லை. கம்ப்ரசர் சூடேறினால் கரண்டை வெட்டிவிட உள்ளே ஒரு சின்ன வில்லை உண்டு. அதுதான் வெட்டி வெட்டி விட்டது. ஏன் சூடேறுகிறது என்று பார்க்க அந்த மனுஷனுக்கு ஏது நேரம்? வேலைக்குக் கூப்பிட்டுப் போன் மேல் போன். வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்தான். தொழிலில் இதற்கு டைரக்ட் கொடுப்பது என்று பேர். சாயங்காலம் வந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினான். எல்லா மெக்கானிக்கும் சொல்கிற அதே சாயங்காலம்தான்.

மதியம் ஒரு துணிக்கடை மாடியில், ஓடாமல் போன பெட்டி ஒன்றைத் திறந்தான். உள்ளே ஒரே கரி. ஒயர் உருகித் தகரத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"எந்த அறிவுகெட்டவன் இதுக்கு டைரக்ட் கொடுத்தான்?" என்று கடைக்காரரிடம் எரிந்து விழுந்தான். "கடையையே கொளுத்தப் பாத்திருக்கான்."

சொல்லி வாய் மூடவில்லை, சட்டைப் பையிலிருந்து போனை உருவினான். வீட்டுக்குப் போன் போட்டான். அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். கடைசியில் தூக்கக் குரலில் எடுத்தாள்.

"மகராசனா இருங்க. காலையிலேர்ந்து ஒரு தடவைகூட நிக்கலை. நானும் பாப்பாவும் நல்லா தூங்கிட்டோம்."

"ஏசியை அணை. பாப்பாவைத் தூக்கிட்டு வெளியே போ."

"ஏன், என்னாச்சு?"

"சொன்னதைச் செய்யேன்மா."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிறகு இருமல்.

"என்னங்க, வாசல்லே ஒரே புகை. மேலேர்ந்து ஏதோ எரிஞ்சு சொட்டுது. நான் எந்த வழியா வர்றது?"

அந்த வீட்டுக்கு வேறு வாசல் கிடையாது.