ஒன்பதாம் எண் வண்டியின் மூச்சு

பணிமனையின் பழைய டீசல் பேருந்துகளில் முதலாவதை வெட்டப் போன வெல்டரை, அந்தப் பேருந்தே கதவைச் சாத்திக் கழுத்தை நெரித்துக் கொன்றது. அன்று செவ்வாய்க்கிழமை, லேசான தூறல். அடுத்த வாரம் இரண்டாவது வண்டி ஓட்டுநர் இல்லாமலே கிளம்பிக் காவலாளியைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. திட்ட அதிகாரி அம்மாள் மூன்று வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு போட்ட, டீசலை விட்டு மின்சாரப் பேருந்துக்கு மாறும் திட்டம் அது. பள்ளி வண்டிகள் முதலில், நகர வண்டிகள் பிறகு. சார்ஜர், கேபிள், ஓட்டுநர் பயிற்சி என்று எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. பழைய வண்டிகளுக்கு மட்டும் 'அகற்றப்படும்' என்று ஒரே சொல். அவை சம்மதிக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை. அம்மாள் சளைக்கவில்லை, அட்டவணையில் 'உயிர்ச்சேதம்' என்று ஒரு கட்டம் சேர்த்தார்.

சார்ஜர் நட வேண்டிய இடத்தை டீசல் வண்டிகள் விடாததால், புது மின்சாரப் பேருந்துகள் உறை பிரிக்காமல் வெளியே நின்றன. பிள்ளைகள் ஒன்பதாம் எண் வண்டியிலேயே பள்ளிக்குப் போனார்கள். அதன் தரையில் ஓட்டை. புகை நேராக மேலே வரும். பணிமனை மெக்கானிக்கின் மகளுக்கு ஏற்கெனவே மூச்சு இழுப்பு. ஒரு நாள் உதடு நீலம் பாரித்து இறங்கினாள். மெக்கானிக்கின் மனைவி கத்தவில்லை. "இன்னொரு தடவை இவ அதுல ஏறினா உயிரோட இறங்க மாட்டா. நீங்க வளர்த்த வண்டிதானே, நீங்களே முடிச்சு விடுங்க" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பேட்டரிகள் செத்துப்போன அந்தப் பணிமனையில் ஓடும் இன்ஜினை அணைப்பதில்லை. அணைத்தால் தள்ளிவிட எட்டு ஆள் வேண்டும். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தவனே மெக்கானிக்தான். பதினாறு வருஷம் நிற்காமல் ஓடிய வண்டிகளுக்கு, நிற்பது என்றால் சாவு என்றுதான் தெரியும்.

மறுநாள் காலை, பிள்ளைகள் வருமுன், மெக்கானிக் ஒன்பதாம் எண்ணில் ஏறி, அணைக்கச் சாவியைத் திருகினான். நிற்கவில்லை. டீசல் குழாயை அறுத்தான். அப்போதும் நிற்கவில்லை. வண்டி அவனைக் கீழே உதறி, முற்றத்தில் மூன்று சுற்று இழுத்துப் போய், இடது கையை முறித்துப் போட்டது. ஒற்றைக் கையால் தொற்றி ஏறியவன், இன்ஜின் மூடியைத் திறந்து, காற்றை இழுக்கும் குழாயின் வாயை உள்ளங்கையால் அடைத்தான். அது முதலில் சட்டைக் கையைத் தின்றது, பிறகு இரண்டு விரல்களை. மூச்சுக்குத் திணறியபோது அதிலிருந்து மகளின் இழுப்புச் சத்தமே வந்தது. கையை எடுத்துவிட மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அழுதான், ஆனால் எடுக்கவில்லை. ஒன்பதாம் எண் செத்தது. புகைக்குழாயிலிருந்து பன்னிரண்டு வாளி ரத்தம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாமே அணைந்தன.

அந்த இடத்தில் நட்ட சார்ஜரின் அடியில் இன்றும் காலையில் கொஞ்சம் ரத்தம் கசிகிறது. கூட்டுகிறவர் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார். அதுவும் இப்போது திட்டத்தில் இருக்கிறது. புது வண்டியில் ஏறிய முதல் நாள், மகள் ஜன்னல் வழியே கேட்டாள்: "அப்பா, இது மூச்சே விடலையே?"

"அதுக்கு வேண்டாம்மா. நீ விடு" என்றான் மெக்கானிக்.

அவள் நன்றாக இழுத்து விட்டாள். வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது.