முதலில் பிரேக்

முப்பத்தொன்பது வருடம் கொட்டகையில் கிடந்த என் காரை ஏப்ரல் முதல் சனிக்கிழமை டிராக்டரில் கயிறு கட்டி வெளியே இழுத்தோம். கார் புல்தரையில் வந்து நின்று அரை மணி நேரம் ஆகவில்லை, ஐந்து ஆண்கள் சுற்றி நின்றார்கள். யாரும் அழைக்கவில்லை. எங்கள் ஓவாசோ ஊரில் பெரிய இன்ஜின் வைத்த பழைய மஸில் கார் ஒன்று வெளியே வந்தால் போதும், மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள்.

"உங்க வீட்டுக்காரர் வண்டியா, வெல்டா?" என்று என்னைக் கேட்டார் வெண்டல். பழைய கார் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். பத்து வருடமாக அந்தப் பதவியை விட்டு இறங்காதவர்.

"என் வண்டி" என்றேன்.

"அதான், அவர் விட்டுட்டுப் போனது."

"அவர் விட்டுட்டுப் போனது ஒரு ஓட்டைப் படகும் முதுகுவலி பெல்ட்டும். இது நான் வாங்கினது. அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்க்கிறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கிட்டேன்."

வெண்டல் பெரிதாகத் தலையாட்டினார். பிறகு என் மகன் கர்டிஸ் பக்கம் திரும்பி, "அப்பா இதை எந்த வருஷம்ப்பா நிறுத்தினார்?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நிறுத்தியதும் நான்தான். 1970 மாடல், எட்டு சிலிண்டர், கையால் மாற்றும் நாலு கியர், இரண்டே கதவு. கர்டிஸ் பிறந்த பிறகு குழந்தையைப் பின்சீட்டில் குனிந்து போட்டு எடுப்பதற்குள் இடுப்பு போயிற்று. கொஞ்ச நாளைக்கு என்று கொட்டகையில் விட்டேன். பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்தது, அதை முப்பத்தொரு வருடம் ஓட்டினேன். கொஞ்ச நாள் அப்படித்தான் நீண்டது.

இப்போது ஏன் வெளியே இழுத்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. மார்ச் மாதம் பக்கத்து நகரமான லான்சிங்கில் கண் மருத்துவர் என் விழித்திரைப் படத்தைக் காட்டினார். இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி கெட்டுக்கொண்டே வருகிறது. ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. "இந்தக் கோடைக்கு நீங்க ஓட்டலாம். அடுத்த கோடையும் இருக்கலாம். அதுக்கு மேல என்னால வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். கர்டிஸிடம் சொல்லியிருந்தால் அன்று மாலையே வீட்டிலுள்ள சாவி எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருப்பான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். கண் போவதற்குள் என் காரை நானே ஓட்ட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அடுத்த சனிக்கிழமை, காரைத் தள்ளி வைத்திருந்த என் ஷெட்டில் கூட்டம் போட்டார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று திட்டம் போடும் கூட்டமாம். வெண்டல் ஒரு வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்தார். முதல் வருடம் முழுக்கக் கழற்றுவது, இரண்டாம் வருடம் துரு வேலை, மூன்றாம் வருடம் இன்ஜின், நான்காம் வருடம் பெயின்ட், ஐந்தாம் வருடம் எல்லாவற்றையும் மறுபடி கோத்து, கண்காட்சிக்கு அனுப்புவது. இன்ஜின் முந்தியா துரு முந்தியா என்று முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். ஆளாளுக்கு நாட்டாமை. அந்த நாட்டாமைகளுக்கு ஹாட் டாக் வேகவைத்துக் கொடுத்தது நான்.

"முதல்ல பிரேக்" என்றேன்.

ஷெட்டே சிரித்தது. "பிரேக் கடைசில, வெல்டா. ஓடற வண்டிக்குத்தானே பிரேக்?" என்றார் வெண்டல்.

"ஓட்டத்தான் போறேன். பிரேக், பெட்ரோல் டேங்க், டயர். பெயின்ட் எனக்கு வேண்டாம். துரு இருந்தா இருக்கட்டும், எனக்கும்தான் இருக்கு."

அப்போது ஒருவர் பின்சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கத்தினார். சீட்டின் ஸ்பிரிங்குகளுக்குள் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. கார் செய்தபோது என்னென்ன பூட்ட வேண்டும் என்று ஆலையில் எழுதி வைக்கும் தாள். ஒரு மூலையை எலி தின்றிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. இன்ஜினில் பொறித்த எண்ணைத் துடைத்துப் பார்த்தார்கள். தாளில் இருந்த அதே எண். பிறந்தபோது வைத்த இன்ஜின் மாறவே இல்லை. வெண்டல் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"இது வண்டி இல்ல வெல்டா, சரித்திரம். இனிமே இதை ரோட்டுல ஓட்டறது பாவம்."

"சரித்திரமா? அந்தச் சரித்திரத்தை ஓட்டினவ இன்னும் சாகல. இங்கதான் நின்னு உங்களுக்குக் கடுகு சாஸ் எடுத்துக் கொடுக்கிறா."

"அம்மா, அவர் நல்லதுக்குத்தானே சொல்றார்" என்றான் கர்டிஸ்.

"நல்லதுக்குச் சொல்றவங்க எங்கிட்ட சொல்லட்டும். இதுவரைக்கும் எல்லாத்தையும் உங்கிட்டதான் சொல்லிட்டிருக்கார். நல்லாக் கேட்டுக்கோ. நான் சொல்ற வரைக்கும் ஒரு போல்ட்ல கை வைக்கக் கூடாது."

தலையாட்டினான். பெற்ற பிள்ளை தலையாட்டினால் நம்பத்தானே செய்வோம்.

செவ்வாய்க்கிழமை கண்ணில் இரண்டாவது ஊசி. பக்கத்து வீட்டுப் பெண் லான்சிங்குக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்தாள். சொட்டு மருந்தில் கண் விரிந்து, கறுப்புக் கண்ணாடிக்குள்ளும் வெயில் குத்தியது. எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. வீடு திரும்பியபோது ஷெட் கதவு திறந்திருந்தது, ஆட்கள் பேச்சு கேட்டது. காரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டு கிட்டப் போய்க் கையால் தடவினேன்.

பானெட் இல்லை. இரண்டு பக்க மட்கார்டும் இல்லை. முன்கண்ணாடி இல்லை. ஓட்டுநர் சீட் இருந்த இடத்தில் துருப்பிடித்த தரை. இன்ஜின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சர்ப்ரைஸ் அம்மா!" என்றான் கர்டிஸ். "முதல் வருஷத்து வேலையில பாதியை ஒரே நாள்ல முடிச்சிட்டோம்!"

தரையில் காப்பி டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்து வெண்டலிடம் நீட்டினேன்.

"இது எங்க இருந்தது?"

அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மட்கார்டா இருக்கும். இல்ல, ரேடியேட்டரா... ஆளுக்கொரு பக்கமா கழட்டினோமில்ல. போட்டோ எடுத்து வெச்சிருக்கோம்."

"டப்பாவுக்குப் பேர் எழுதினீங்களா?"

"அஞ்சு வருஷம் இருக்கே, பிரிச்சு வெச்சுக்கலாம்" என்றார் பின்னால் இருந்து ஒருவர். கையில் பீர் இருந்தது, வாசனை வந்தது.

அப்போதுதான் சொன்னேன். அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, ஊசி, விழித்திரை, இந்தக் கோடை, ஒருவேளை அடுத்த கோடை, எல்லாவற்றையும் சொன்னேன். கர்டிஸ் என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டான்.

"ஏன்மா எங்கிட்ட சொல்லல? சரி, கவலைப்படாதீங்க. வண்டி ரெடியானதும் நான் ஓட்டறேன். நீங்க பக்கத்துல ஜம்முனு உட்கார்ந்து வாங்க."

"பக்கத்து சீட்டுல உட்கார்றதுக்காடா இதை வாங்கினேன்? கண்ணு போனவளை ஊர்வலம் விடப் போறியா?"

வெண்டல் தொண்டையைச் செருமினார். மனிதர் என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஒண்ணு யோசிச்சுப் பாருங்க வெல்டா. எப்படியும் உங்களால ஓட்ட முடியாதுன்னா, அப்போ அவசரமே இல்லையே. நிதானமா, சுத்தமா செய்யலாம்."

அறுபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். பேருந்தில் பின்வரிசைப் பையன்கள் பேசாத பேச்சில்லை. இப்படி ஒன்று கேட்டதில்லை. என் கண் போவது இவருக்கு வசதியாகிவிட்டது. அந்த வெள்ளைப் பலகையைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டேன். "அது பின்னாடியே நீங்களும் போங்க" என்றேன். போனார்கள். கர்டிஸ் மட்டும் நின்றான். "நீயும்தான்" என்றேன்.

மறுநாள் காலையில் நான் கூப்பிட்டு நோரீன் வந்தாள். பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். இருபது வருடம் என் பேருந்தைப் பார்த்துக்கொண்டவள். காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "யாருடி இதைக் கசாப்பு போட்டது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மல்லாந்து படுத்து அடியில் போனாள். ஸ்குரூ டிரைவரால் சேஸிஸை, காரையே தாங்கும் அடிச்சட்டத்தை, அங்குலம் அங்குலமாகக் குத்தும் சத்தம் கேட்டது. அது உளுத்திருந்தால் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

வெளியே வந்து கையைத் துடைத்தாள். "சேஸிஸ் கல்லு மாதிரி இருக்கு. உனக்கு எப்போ ஓட்டணும்?"

கோபம் எல்லாம் அங்கே இறங்கி, அழுகை வந்துவிட்டது. என்ன நிறம், என்ன எண், என்ன மதிப்பு என்று ஊரே கேட்டது. எப்போது என்று ஒருவரும் கேட்கவில்லை.

"சீக்கிரம்" என்றேன். கண் விஷயத்தைச் சொன்னேன்.

"மூக்கைச் சிந்து முதல்ல. முழுசா இருந்திருந்தா மே முதல் வாரம் உன் கையில சாவி கொடுத்திருப்பேன். பிரேக், டேங்க், ஹோஸ், டயர், தரைக்கு ஒரு தகடு, அவ்வளவுதான். இப்போ இந்த டப்பா கூத்து வேற. ஜூன் கடைசி ஆகும்."

வாசலில் கர்டிஸ் நின்றுகொண்டிருந்தான், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. நான் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவனே வந்து, டப்பாக்களைத் தரையில் கொட்டி, போல்ட்டுகளை நீளம் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தான். தினமும் வேலை முடிந்து வந்து அதையே செய்தான். நானும் தினமும் அவனோடு பேசாமலிருந்தேன்.

ஜூன் 24 காலை, பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக நின்றது. ஒரு மட்கார்டு ஆரஞ்சு, ஒன்று சாம்பல் பூச்சு, பானெட்டில் எலி மூத்திரத் தடம். அந்த இன்ஜின் போட்ட சத்தத்தில் எனக்கு இருபது வயதாகிவிட்டது. தினமும் ஓட்டினேன். சோளக்காட்டு நடுவே காலையிலும் வெயிலிலும், ஒரு காரணமும் இல்லாமல், கடைக்குப் போக வேண்டியிருந்தாலும் நேர் எதிர்த்திசையில். பதினாறு நாள் கர்டிஸை ஏற்றவில்லை. கோபம்தான், வேறென்ன? பதினேழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, "நானும் வரட்டுமாம்மா?" என்று கேட்டான். ஏறச் சொன்னேன்.

வயல் நடுவே கேட் இல்லாத ரயில் பாதை ஒன்று வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் தண்டவாளத்தைக் கண்டால் நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். பழக்கம் காலில் ஊறிவிட்டது. நிறுத்தினேன். ஜன்னலை இறக்கினேன். இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அதையும் அணைத்தேன். இடது பக்கம் பார்த்தேன். சோளம், வானம். வலது பக்கம் பார்த்தேன். சோளம், வானம். சாவியில் கை வைத்தேன்.

அப்போது ஊதல் கேட்டது.

"அம்மா!" என்றான் கர்டிஸ்.

மறுபடி வலது பக்கம் பார்த்தேன். அதே வானம். தலையைக் கொஞ்சம் திருப்பி ஓரக்கண்ணால் பார்த்ததும் ரயில் இருந்தது. இவ்வளவு நேரம் நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில், பூதாகரமாக, விளக்கு எரிய. சரக்கு ரயில் எங்கள் முன்னால் தடதடவென்று நீளமாகப் போய் முடிந்தது. அடுத்த கோடையும் இருக்கலாம் என்று சொன்ன மருத்துவர் மீது ஆத்திரமாக வந்தது. என் கண்கள் மீது அதைவிட.

ஆனால் முப்பத்தொரு வருடம் ஊரார் பிள்ளைகளை ஏற்றிப் போனவள் நான். இதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து இறங்கி, சுற்றிக்கொண்டு அவன் பக்கம் போனேன்.

"இறங்கு. நீ ஓட்டு."

அவன் இடம் மாறி உட்கார்ந்தான். கிளட்ச்சை விடத் தெரியாமல் இரண்டு தடவை இன்ஜினை அணைத்தான். மூன்றாவது தடவை கார் துள்ளித் துள்ளித் தண்டவாளத்தைத் தாண்டியது. இரண்டு மைல் போனோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாங்க அன்னைக்குக் கழட்டாம இருந்திருந்தா மே மாசமே ஓட்டியிருப்பீங்க."

"ஆமா. ஏழு வாரம்."

"என்னை மன்னிச்சிடுங்கம்மா."

பரவாயில்லை என்று சொல்வதுதான் வழக்கம். பிள்ளை கேட்டதும் எந்த அம்மாவுக்கும் வாயில் தானாக வந்துவிடும். எனக்கு வரவில்லை.

"மூணாவது கியர் போடு" என்றேன். "இன்ஜின் கத்துது பாரு."