ஏழாவது கை

கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வீடு திரும்பியதும் நீரஜா கம்ப்யூட்டரைப் போட்டு, டெலிபோன் ஒயரை மோடத்தில் செருகுவாள். ஆறு மணியிலிருந்து எட்டு வரை அவளுடைய மயிலாப்பூர் வீட்டு நம்பர் ஒன்பது பேருக்குப் பொது. அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து டயல் செய்து, எழுத வேண்டியதை அவள் கம்ப்யூட்டரில் எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர் படித்துப் பதில் போடுவார். தொண்ணூற்று நாலில் அவளும் தி. நகர் கிரீஷும் சேர்ந்து ஆரம்பித்தது. இங்கே எல்லாரும் சமம் என்று கிரீஷ்தான் எழுதி வைத்தான்.

அந்த ஒன்பதில் பெரிய வாயாடி ராயப்பேட்டை ஷாகிரா. கிரிக்கெட்டோ தண்ணீர் லாரியோ, எதையும் விட்டுவைக்க மாட்டாள். சேர்ந்து ஆறு மாதம் கழித்து நீரஜாவுக்கு மட்டும் தனியாக எழுதினாள்: "அக்கா, எனக்குப் பிறந்ததிலிருந்து காது கேக்காது. போன் அடிச்சா வீட்டுல எல்லாரும் ஓடுவாங்க, நான் பாத்துட்டு உக்காந்திருப்பேன். இப்பதான் எனக்கும் போன் வந்திருக்கு."

மறு வருஷம், இப்படி நடத்துவதற்கு லைசென்ஸ் வாங்க வேண்டுமாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. கிரீஷ் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். பலரும் நேரில் முகம் பார்த்துக்கொண்டது அன்றுதான். பேசுவதையெல்லாம் எழுதித் தருவதாக ஷாகிராவிடம் சொல்லி, நீரஜா நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சர்க்காரே இன்டர்நெட் குடுக்கப்போறாங்க. நாம எதுக்கு வம்புல மாட்டிக்கணும்?" என்றான் கிரீஷ்.

"அவா குடுக்கறது அவா இஷ்டத்துக்குத்தான் இருக்கும். இது நாம பண்ணினது" என்றாள் நீரஜா.

இரண்டு வரிக்குமேல் அவள் எழுதவில்லை. வாக்குவாதம் சூடேறிவிட்டது. ஷாகிரா ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடிடலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள் எழுந்தன. ஷாகிரா சுற்றிலும் பார்த்தாள். நீரஜாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தானும் கையைத் தூக்கினாள்.

"ஏழு" என்றான் கிரீஷ்.

"அவளுக்குப் புரியலை. இரு, எழுதிக் காட்டறேன்."

"அவங்களை விட்டாலும் ஆறு பேர் இருக்கோம். விடுங்க நீரஜா."

காபி வந்தது.

பஸ் ஸ்டாப்பில்தான் நீரஜா நடந்ததை எழுதிக் காட்டினாள். ஷாகிரா இரண்டு தரம் படித்தாள். பேனாவை வாங்கி, "எழுதித் தர்றேன்னு சொன்னீங்களே அக்கா" என்று மட்டும் எழுதிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிப் போனாள்.

தீர்மானத்தை மீறி நீரஜா இன்னும் ஒரு வாரம் லைனைத் திறந்து வைத்திருந்தாள். வந்த சிலர் தங்கள் பழைய கடிதங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்கள். ஷாகிரா வரவேயில்லை. தபாலில் போட்ட கடிதத்துக்கும் பதில் இல்லை.

எட்டு மாதம் கழித்து கிரீஷ் போன் செய்தான். இன்டர்நெட் வாங்கிவிட்டானாம்.

"ஷாகிரா அட்ரஸ் இருக்கா? சேத்துக்கலாம். அவங்க இல்லாம சுவாரசியமே இல்லை."

நீரஜா ரிசீவரை வைத்தாள்.