ஏழாவது சட்டைத்துணி

"ஆறு சட்டைக்குக் கிழிச்சாப் போதும். சிவசைலம் பொட்டலத்துல வேட்டி மட்டும் வையி. மூச்சு விடாதே" என்று சொல்லிவிட்டு, பதினெட்டு மீட்டர் பாப்ளினை என் முன்னால் உருட்டிவிட்டு முதலாளி கல்லாவுக்குப் போய்விட்டார். ஆயுதபூஜைக்கு முந்தின நாள். தென்காசியில் எங்கள் ஜவுளிக்கடையில் அப்போது ஏழு பேர் வேலை பார்த்தோம்.

எங்கள் கடையில் யாரையும் வாயைத் திறந்து போகச் சொல்வது கிடையாது. ஆயுதபூஜை மாலையில் ஆளுக்கொரு பொட்டலம் கொடுப்பார்கள். உள்ளே வேட்டியும் சட்டைத்துணியும் இருந்தால் அடுத்த வருஷத்துக்கும் வேலை உண்டு. வேட்டி மட்டும் இருந்தால் விஜயதசமி கழிந்து கடைப்பக்கம் வர வேண்டாம். பெரிய முதலாளி காலத்துப் பழக்கம். மனிதனை மரியாதையாக அனுப்புகிறார்களாம். சட்டையை எடுத்துக்கொண்டு வேட்டியோடு அனுப்புவது என்ன மரியாதையோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் சீசன் படுத்துவிட்டது. குளிக்க வருகிறவர்களை நம்பி வாங்கிப்போட்ட துண்டுகள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்றானபோது சிவசைலம் அண்ணாச்சி தன் கழுத்தைத் தானே நீட்டிக்கொண்டு நின்றார். கஜக்கோல் போய் மீட்டர் கோல் வந்து வருஷம் ஒன்று ஆகியும் அவருக்கு அது பிடிபடவில்லை. மீட்டர் கோலால் அளப்பார். விலை கேட்டால் பழைய கஜ விலையைச் சொல்வார். மீட்டரோ கஜத்தைவிட நாலு விரற்கடை நீளம். பக்கத்து ஊர் இலஞ்சிப் பெண்கள் இதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்கள் ஆறு பேரும் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, அவர் முன்னால் மட்டும் கூட்டம் நிற்கும். தன் கைராசி என்று அவர் பூரித்துப்போவார். முதலாளி கண்டுபிடித்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது.

மத்தியானம் அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து நின்றார். பதினோரு வருஷமாக ஒரே பலகையில் துணி விரித்தவர்கள் நாங்கள். ஒருவரை விட்டு ஒருவர் டீக்குக்கூடப் போனதில்லை.

"நீதானலே கிழிக்கே? ஏழா, ஆறா?"

கேலியாகக் கேட்பதுபோலத்தான் கேட்டார். கண்ணில் கேலி இல்லை.

"ஏழுதான் அண்ணாச்சி."

"தங்கத்தாய்க்கு ரெண்டு நாளாச் சோறு எறங்கலலே. பொம்பளைப் புள்ளையை வச்சிருக்கோமேன்னு ஒரே பொலம்பல். இன்னைக்காவது சாப்பிடுவா" என்று மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் முதலாளியிடம் போய் நிற்பார். நின்றால் யார் சொன்னது என்று வரும். அப்புறம் ஆறு என்பது ஐந்தாகும். எனக்கும் வீட்டில் மூன்று வாய்கள். ஆனால் சொன்ன பொய்யோடு இருக்கவும் முடியவில்லை. முழுக்கைச் சட்டைக்கு மூன்று மீட்டர், அரைக்கைக்கு இரண்டரை. ஆறு முழுக்கைக்கான துணியில் ஏழு அரைக்கை கிழிக்கலாம். கிழித்து ஏழு பொட்டலத்திலும் வைத்தேன். அரை மீட்டர் மிஞ்சியது. கடையில் கிடந்தால் கேள்வி வரும் என்று அதைச் சுருட்டி மடியில் கட்டிக்கொண்டேன். பிறகு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை. என் கண்ணெதிரே அந்த முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான். இதை இரக்கம் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்த நாள் மாலை பூஜை முடிந்து முதலாளி பொட்டலங்களைக் கொடுத்தார். மறுநாள் விஜயதசமி, கடை விடுமுறை. கோயில் வாசலில் குத்தாலிங்கத்தைப் பார்த்தேன், எங்கள் கடையில் வேலை பார்ப்பவன்தான். "இந்த வருஷத் துணி முழுக்கைக்கு வராது போலிருக்கே" என்று முகத்தைச் சுளித்தான். நான் சிரித்து மழுப்பினேன்.

அதற்கு மறுநாள் காலையில், கடை திறக்குமுன்பே அண்ணாச்சி வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு.

"கடையநல்லூர்ல சேக் தாவூது முதலாளி நேத்துப் புதுக்கடை தெறந்தாருல்லா. மூணு மாசமா என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரு. பொட்டலத்தைப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு இழுத்துக்கிட்டு இருந்தேன். நேத்துக் காலையில போயி, நம்ம கடையே போதும் முதலாளின்னுட்டு வந்துட்டேன். என் கண்ணு முன்னாலேயே வேற ஆளைப் போட்டுட்டாரு."

அவர் பாட்டுக்குப் பலகையைத் துடைக்க ஆரம்பித்தார்.

முதலாளி வந்ததும் படியிலேயே நின்றுவிட்டார். "வே, நீரு இங்கன என்ன செய்யுதீரு? பொட்டலத்தைப் பாக்கலியா?"

"பாத்தேன் முதலாளி. வேட்டியும் சட்டைத்துணியும் இருந்திச்சு."

"சட்டைத்துணியா? நான் ஆறுதான் கிழிக்கச் சொன்னேன். ஏலே சுந்தரம், எத்தனை கிழிச்சே?"

குத்தாலிங்கம் என்னைப் பார்த்தான். தன் துணி ஏன் குறைந்தது என்று அந்த நிமிஷம் அவனுக்கு விளங்கியிருக்கும். மற்ற நாலு பேருக்கும்தான்.

"ஆறு முதலாளி" என்றேன்.

"அப்ப ஏழாவது எங்கன இருந்து வந்திச்சு? பதினோரு வருஷமா இப்படித்தான் எடுத்துட்டுப் போனீரோ?" வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த பெண்கள் காதில் விழும்படியே கேட்டார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் மாட்டிக்கொள்வோம் என்று அந்த நேரத்திலும் புத்தி வேலை செய்தது. என் பெயரைச் சொல்வார் என்று நின்றேன். சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் படியிறங்கிப் போனார். கால்மணி நேரத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தார்.

அவர் பக்கத்து வீட்டுத் தையற்காரர் விஜயதசமி முதல் வெட்டை அந்தத் துணியில்தான் போட்டிருக்கிறார். முன்பக்கம் இரண்டு, முதுகு, காலர்ப் பட்டை என்று ஒவ்வொன்றாக எடுத்து, வந்தவர்களுக்குத் துணி காட்டுவதுபோல நீவி நீவி என் முன்னால் வைத்தார். கடைசியாகக் கைகள் இரண்டு.

"எண்ணிப் பாத்துக்கலே" என்றார் என்னிடம். முதலாளி பக்கம் திரும்பவே இல்லை.

அவர் தெருமுனை திரும்பினார். "எடுத்து உள்ள வையி, கிராக்கி நிக்கி" என்று முதலாளி சத்தம் போட்டார். நான் மடிக்கப் பார்த்தேன். முழுத்துணியைத்தான் மடித்துப் பழக்கம். வளைத்து வெட்டிய கைத்துணி எப்படி மடித்தாலும் ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. தையற்காரர் போட்ட சாக்பீஸ் கோடு என் விரலெல்லாம் ஒட்டியது.