ஹாஜியாருக்குப் பசியில்லை

ஜமால்தீன் ஹாஜியாருக்குப் பசியே இல்லை என்று வீட்டில் முடிவுகட்டிய அன்று, ஒரு சட்டிச் சோற்றையும் தனியாக முடிக்கும் அளவுக்கு அவருக்குப் பசி.

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. அவர் ஊரான அலவத்துகொடயில் சோற்றுக்கு உட்கார்ந்தவர் "போதும்" என்றால், இன்னும் போடு, ஆனால் நான் கேட்டதாக இருக்கக்கூடாது என்று பொருள். மானமுள்ளவன் கேட்டு வாங்கித் தின்பதில்லை. அவருடைய மனைவி ஆஸியா உம்மாவுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அவர் போதும் போதும் என்று கையால் சோற்றுப் பீங்கானை மறைப்பார். அவள் விரலிடுக்கு வழியாகவே கறியை ஊற்றுவாள். இருவருக்கும் அதில் ஒரு சந்தோஷம்.

போன வருடம் ஆஸியா உம்மா மௌத்தானாள். அகப்பை மருமகள் நதாவின் கைக்கு வந்தது. நதா கொழும்பில் வளர்ந்த பிள்ளை, நாகரிகம் தெரிந்தவள். பெரியவர்களை வற்புறுத்துவது மரியாதைக் குறைவு என்பது அவள் கட்சி. ஹாஜியார் முதல் "போதும்" சொல்லி வாய்மூடுமுன் அகப்பை சட்டிக்குத் திரும்பிவிடும். அவ்வளவு மரியாதை. அந்த மரியாதையில் ஹாஜியார் மெலிந்து, உடுத்த சாரம் இடுப்பில் நிற்காமல் போனது.

மகன் ரஸீன் பதறிப்போய்க் கண்டி டவுனில் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஹாஜியாரைத் தவிர எல்லோரிடமும் விசாரித்தார். "வயசு போனா பசி குறையும். ருசி, வாசம் மட்டுப்படும். சின்னப் பீங்கான்ல கொஞ்சமா குடுங்க. பலவந்தம் பண்ண வேணாம்," என்றவர், பசியைத் தூண்ட ஒரு சிரப்பும் எழுதிக் கொடுத்தார். பசி நிறைய இருக்கிறது, கேட்கத்தான் வெட்கம் என்று ஒரு ஹாஜியார் எந்த முகத்தோடு சொல்வது? தலையாட்டிவிட்டு வந்தார்.

சிரப் அருமையான சிரப். குடித்த கொஞ்ச நேரத்தில் வயிறு கூச்சல் போடத் தொடங்கியது. எதிரே வந்ததோ தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைக்கிற அளவில் ஒரு பீங்கான். சுகம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள், "ஹாஜியாருக்கு ஒண்டும் எறங்குதில்லையாமே," என்று கவலைப்பட்டபடி அவர் கண்ணெதிரே வட்டிலப்பத்தை வழித்துத் தின்றார்கள். ஒரு கரண்டி அவரிடம் நீட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. நோயாளியைத் தொந்தரவு செய்யலாமா? ஹாஜியார் அத்தனை பேரையும் மனதுக்குள் சபித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தபோது, நெய்ச்சோற்றின் வாசமும் இறைச்சிக் கறியின் வாசமும் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து இழுத்தன. ஹாஜியார் தொப்பியோடு சேர்த்து மானத்தையும் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். சின்னப் பீங்கான் காலியானதும், "இன்னங் கொஞ்சம் போடுங்க மகள்," என்றார். வாழ்க்கையில் முதல் தடவை.

நதாவின் கண் கலங்கியது. "எங்கட மனசுக்காக தின்னப் பாக்கிறீங்க மாமா. கஷ்டப்பட வாணாம்," என்று பீங்கானை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ரஸீன் தகப்பனின் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

எல்லோரும் சற்றுச் சாய்ந்த நேரம் பார்த்து ஹாஜியார் குசினிக்குள் நுழைந்தார். நின்றபடியே சட்டிக்குள் கையை விட்டு அள்ளி அள்ளித் தின்றார். சத்தம் கேட்டு ரஸீனும் நதாவும் வந்தபோது அவர் முழங்கை வரை நெய் வழிந்துகொண்டிருந்தது.

"என்ன வாப்பா இது?"

"பசிக்குது மகன்."

ரஸீன் மனைவியின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "இப்பதானே சாப்பிட்டார். அத மறந்திட்டார். மறதியும் தொடங்கிட்டு போல ஈக்கி."

ஹாஜியாருக்குச் சுருக்கென்றது. ஊரில் எத்தனை சண்டையைத் தீர்த்துவைத்தவர், எத்தனை நிக்காஹ் பேசி முடித்தவர். எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தவர், சட்டியைப் பார்த்தார். புத்தி இருக்கிறவன் கேட்டு வாங்கித் தின்னக்கூடாது. மறந்தவனை அந்த மானம் கட்டிப்போடுவதில்லை.

ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னம் சோறே தரல்லையே மகள்," என்றார்.

நதா விம்மிக்கொண்டே பெரிய பீங்கானில் அள்ளி வைத்தாள். ஹாஜியாருக்கும் அழுகை வந்தது. ஆனால் கை நிற்கவில்லை.